ஆஸ்பத்திரிக்குள் மட்டும் ஏறும் பிரஷர்

வந்தவாசியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கறுப்புப் பட்டுப்புடவையைக் கொடுத்தனுப்பிய பிறகுதான் வீரபாகுவின் கண்ணில் கோளாறு இருப்பது ஊருக்குத் தெரிந்தது. அவருக்கு அப்போதும் தெரியவில்லை.

ஆரணியில் அவர் பட்டு வியாபாரி. முள்ளிப்பட்டில் சில வீடுகளுக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்கி, தன் வீட்டு முன்கூடத்திலேயே மெத்தை விரித்து உட்கார்ந்து விற்பவர். வயது ஐம்பத்தெட்டு. நிறம் பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம். கிளிப்பச்சைக்கும் மாந்துளிர்ப் பச்சைக்கும் நடுவில் இன்னும் நாலு பச்சை இருப்பதாகவும், அவற்றுக்கு யாரும் பெயர் வைக்காதது அநியாயம் என்றும் வருகிறவர்களிடம் சொல்வார்.

வந்தவாசிப் பெண் கேட்டது நேவி ப்ளூ. சபையில் பெட்டியைத் திறந்து புடவையை எடுத்ததும் பெண்ணின் அத்தை கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாளாம். சாயங்காலமே பெண்ணின் அப்பா காரில் வந்து இறங்கினார். புடவையை வீரபாகுவின் மடியில் வைத்தார்.

"நல்ல காரியத்துக்கு எவனாவது கறுப்பு குடுப்பானாங்க?"

"இது நேவி ப்ளூங்க."

"கறுப்புங்க."

"வெளியில வாங்க, வெளிச்சத்துல காட்றேன்" என்று வீரபாகு புடவையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். பெண்ணின் அப்பா வெளிச்சத்திலும் கறுப்பு என்றார். எதிர்வீட்டுக்காரர் கறுப்பு என்றார். சைக்கிளில் போன தயிர்க்காரர் நின்று, யாரும் கேட்காமலே, கறுப்பு என்றார். சத்தம் கேட்டு ஈரக் கையோடு வெளியே வந்த மனைவி ஹேமலதா, அவர் முகத்தைப் பார்க்காமல், "கறுப்புதாங்க" என்றாள். அவள் பெண் வீட்டாரோடு சேர்ந்துகொண்டுவிட்டதைப் போல வீரபாகு அவளைப் பார்த்தார்.

கடைசியில், நெய்தவரையே கேட்டுவிடலாம் என்று முள்ளிப்பட்டு எல்லப்பனுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"எல்லப்பா, அந்த வந்தவாசி பொடவைக்கு இன்னா கலர் பாவு குடுத்தேன்?"

"கறுப்புங்க மொதலாளி."

"அப்பவே ஏண்டா சொல்லல?"

"சொன்னேனே மொதலாளி. நேவி ப்ளூவ கறுப்புன்றியே, உன் கண்ணு அவிஞ்சிபோச்சா, மொதல்ல கண்ணு டாக்டரப் போய்ப் பாருன்னு நீங்கதான் தொரத்துனீங்க. நானும் போனேன். கண்ணாடி குடுத்தாங்க. போட்டுகினு பாத்தேன். அப்பவும் கறுப்புதான். மொதலாளி சொல்றாரேன்னு நெய்ஞ்சிட்டேன்."

தெருவில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வீரபாகுவுக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் காலை வாசலில் ஆட்டோ நின்றது. ஹேமலதா ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.

வேலூர் ரோட்டில் இருந்த கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெயப்ரியா விளக்கடித்துப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாக முற்றியிருந்தது. "புரை வந்தா எல்லாம் பழுப்புக் கண்ணாடி வழியா பாக்கற மாதிரி ஆயிடும். வெள்ளை மங்கும். நீலமும் கறுப்பும் ஒண்ணாயிடும். கொஞ்சங்கொஞ்சமா வர்றதால உங்களுக்கே தெரியாது" என்றாள். ஆபரேஷன் சின்னது, ஊசிகூடக் கிடையாது, சொட்டு மருந்து போட்டே செய்துவிடலாம், மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றும் சொன்னாள்.

"செஞ்சிடுங்க மேடம். எனக்கு பயமெல்லாம் கெடையாது" என்றார் வீரபாகு.

நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். நூற்றுத் தொண்ணூற்றாறுக்கு நூற்றுப்பத்து. கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார்கள். இருநூறு.

"இவ்ளோ பிரஷர்ல கண்ணுல கை வைக்க முடியாது சார். பிரஷர் டாக்டரப் பாத்து, சரி பண்ணிகிட்டு, லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

செய்தி பரவியதும் வைத்தியம் வர ஆரம்பித்தது. முதலில் வந்தவர் ஹேமலதாவின் தம்பி சந்திரமோகன். அவருக்கு ஊருக்கு வெளியே அரிசி ஆலை. சத்தமாகப் பேசுவார், இரண்டு போன் வைத்திருப்பார், இரண்டிலும் ஒரே நேரத்தில் திட்டுவார்.

"மாமா, பச்சைப் பூண்டு. காலைல வெறும் வயித்துல பத்துப் பல்லு. பிரஷர் அப்படியே தரைக்கு வந்துடும். என்னப் பாருங்க. நான் எந்த ஆஸ்பத்திரில போய்க் கை நீட்டினாலும் நூத்தி இருபதுக்கு எம்பது. டாக்டருங்களே கை குடுப்பாங்க."

வீரபாகு மூன்று நாள் பூண்டு தின்றார். பிரஷர் என்ன ஆனதென்று தெரியாது. முன்கூடத்துக்கு வந்த வாடிக்கையாளர்கள் வாசலுக்கு வெளியே நின்றே புடவை பார்த்தார்கள். நாலாம் நாள் சந்திரமோகன் தன் ஆலைக் கணக்குப்பிள்ளை சாப்பிடும் பிரஷர் மாத்திரையில் ஒரு அட்டையைச் சட்டைப்பையில் கொண்டுவந்தார். ஹேமலதா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "அடுத்தவன் செருப்பப் போட்டாலே காலு கடிக்குது, அடுத்தவன் மாத்திரைய முழுங்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, கணவரை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த டாக்டர் எழிலரசியின் கிளினிக்குக்குப் போனாள்.

எழிலரசிக்குத் தேசூர் பக்கம் சொந்த ஊர். கிளினிக் ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கையில் பட்டையைச் சுற்றியதும் வீரபாகுவின் காது மடல்கள் சிவப்பதை அவள் கவனித்தாள். நூற்றுத் தொண்ணூறு. "வீட்டுல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். ஹேமலதா பையிலிருந்து ஒரு சின்ன பிரஷர் மிஷினை எடுத்தாள். அன்று காலைதான் வாங்கியது. "இதுல நூத்தி இருபத்துநாலுன்னு காட்டுதுங்க. ரிப்பேரா இருக்கும்போல" என்றாள்.

எழிலரசி அதே மிஷினை அங்கேயே போட்டுப் பார்த்தாள். நூற்று எண்பத்தெட்டு. மிஷினில் ஒன்றும் ரிப்பேர் இல்லை. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. "சார், எதிர்ல டீக்கடை பெஞ்சுல போய் அஞ்சு நிமிஷம் உக்காருங்க. டீ மட்டும் குடிக்காதீங்க" என்றாள். மிஷினோடு நர்ஸும் போனாள். ஐந்து நிமிஷம் கழித்து ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்: "நூத்தி இருபத்தாறுக்கு எம்பது மேடம்!"

கிளினிக் படியில் உட்காரவைத்தார்கள். நூற்று ஐம்பத்திரண்டு. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நூற்று எழுபது. உள்ளே இருந்த நோயாளிகள் எல்லாரும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். போளூர் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து, டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், செருப்பு கடிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"இதுக்கு வெள்ளைக் கோட்டு பிரஷர்னு பேரு" என்றாள் எழிலரசி. "டாக்டரப் பாத்தா மட்டும் ஏறும். வெளியில போனா எறங்கிடும்."

"நீங்க கோட்டே போடலியேம்மா?"

"நான் போடல. நீங்க மனசுக்குள்ள எனக்குப் போட்டு விட்டுட்டீங்க."

"எனக்கு பயமெல்லாம் கெடையாதும்மா."

"உங்களுக்கு இல்ல சார். உங்க கைக்கு இருக்குது."

ஒரு வாரம், காலையும் மாலையும் வீட்டில் பிரஷர் பார்த்துக்கொண்டு வரச் சொன்னாள். அதற்கு முன் அரை மணி நேரம் காபி கூடாது. ஒன்றுக்குப் போய்விட்டு வந்து உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் இருக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது. ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். "உப்பைக் குறைங்க, நடங்க. தினம் ஒருத்தர் சொல்ற வைத்தியத்தச் செய்யாதீங்க. அது போதும் இப்போதைக்கு" என்றாள்.

ஹேமலதா இதை அப்படியே சட்டமாக்கினாள். காலை ஏழு மணிக்கு வீட்டில் மிக்ஸி நின்றது. பால்காரர் வாசலில் மூச்சு விடாமல் நின்றார். பக்கத்து வீட்டுப் பவர்லூம் கொஞ்ச நேரம் நிறுத்தப்பட்டது; நிறுத்தியவர் சும்மா இருப்பானேன் என்று தன் கையையும் நீட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். அந்த வாரம் முழுக்க வீரபாகுவின் பிரஷர் நூற்று இருபதைச் சுற்றியே இருந்தது. எழிலரசி திருப்தியாகி லெட்டர் கொடுத்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் லெட்டரைப் படித்து, பச்சைக் குல்லா மாட்டி, சொட்டு மருந்து விட்டு, மேசையில் படுக்கவைத்தார்கள். இருநூற்று நாலு.

கண்பாவை விரிந்துபோய், வெயில் தாங்காமல், கறுப்புக் கண்ணாடியோடு மனைவி கையைப் பிடித்துக்கொண்டு வீரபாகு வீடு திரும்பினார். ஆபரேஷன் முடிந்துவிட்டதென்று நினைத்த தெருக்காரர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வாரமும் போனார். அன்றும் அதே கதை. பழம் மட்டும் ஆப்பிள்.

"பேப்பர்ல நல்லா இருக்கு, டேபிள்ல இல்லையே சார்" என்றாள் ஜெயப்ரியா. "வீட்டுல பிரஷர் நல்லா இருக்குன்னு வீட்டுல வந்தா நான் ஆபரேஷன் பண்ண முடியும்?"

வீரபாகுவின் முகம் மலர்ந்தது. "வாங்க மேடம். முன்கூடம் காலியாத்தான் இருக்குது."

ஒன்றும் புரியாமல் மறுபடியும் எழிலரசியிடம் வந்தார்கள். அவள் பட்டையைச் சுற்றினாள். காது சிவந்தது. முதல் தடவை பார்த்ததில் நூற்று எண்பத்தாறு. அடுத்த தடவைக்குப் பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில் அவள் போன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா. தனக்கு இப்போது வேண்டாம் என்று எழிலரசி தள்ளிப்போட்டுக்கொண்டிருந்ததால் தம்பிக்கு முதலில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணுக்கு எந்த நிறத்தில் புடவை எடுப்பதென்று கேட்டாள்.

"நான் இங்க பேஷண்ட் பாத்துகினு இருக்கேன்மா. ஏதாவது ரோஸ் கலர்ல எடு" என்றாள் எழிலரசி, பேசிக்கொண்டே பொத்தானை அழுத்தியபடி.

வீரபாகுவால் பொறுக்க முடியவில்லை. "ரோஸ்னா எந்த ரோஸும்மா?"

"என்ன சார்?"

"ரோஸ்னு பொதுவா சொன்னா கடைக்காரன் கையில கெடைக்கறத எடுத்து நீட்டுவான். பொண்ணு மாநிறமா, செவப்பா? மாநிறம்னா பன்னீர் ரோஸ் வேணாம், முகம் செத்துடும். வாடாமல்லிக்குப் போங்க. பார்டர் இலைப்பச்சை. முந்தானைல நெறைய ஜரிகை வேணாம், கட்டிகினு உக்கார்ற பொண்ணுக்குத் தோள் இழுக்கும்."

மிஷின் பீப் என்றது. நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு.

எழிலரசி போனை வைத்துவிட்டாள். அம்மா தேசூரில் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்திருப்பாள். "சார், இன்னும் பேசுங்க" என்றாள். மறுபடியும் பார்த்தாள். நூற்று இருபத்துநாலு.

"பேசினா பிரஷர் ஏறும்னு சொன்னீங்களேம்மா?" என்றாள் ஹேமலதா.

"எல்லாருக்கும் பேசினா ஏறும். இவருக்குப் பேசாட்டி ஏறுது. வியாபாரம் பண்ணும்போது தான் ஆஸ்பத்திரில இருக்கோம்ங்கறது இவருக்கு மறந்துபோயிடுது." அவள் ஊசி போடும் அறையை எட்டிப் பார்த்தாள். "சார், கொஞ்ச நாளைக்கு இங்கயே கடை போடுங்க. ஆஸ்பத்திரி வாசனை பழகட்டும்."

அப்படித்தான் அந்தக் கிளினிக்கில் பட்டுக்கடை திறந்தது. ஊசி போடும் அறையில் மெத்தை போட்டு வெள்ளை விரித்தார்கள். ஒரு பக்கம் பஞ்சும் ஸ்பிரிட்டும், மறுபக்கம் புடவைகள். வீரபாகு சம்மணமிட்டு உட்கார்ந்தார். நீலம் தெரியாத குறைக்கு ஹேமலதா பக்கத்தில் உட்கார்ந்து நிறங்களை முணுமுணுத்தாள். அவள் "ஆனந்தா" என்று வாய்க்குள் சொன்னால் அவர் "ஆனந்தா ப்ளூ!" என்று உரக்க முழங்குவார்.

முதல் இரண்டு நாள் நோயாளிகள் குழம்பினார்கள். காய்ச்சலுக்கு வந்த அம்மாள் ஊசியோடு ஒரு புடவையையும் போட்டுக்கொண்டு போனாள். பிறகு நோயில்லாதவர்களும் டோக்கன் வாங்கினார்கள். வயிற்றுவலி என்று வந்த ஒருவர் தவறான வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும், "எனக்கு இன்னாங்க?" என்று கவலையோடு கேட்டார். வீரபாகு அவரை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கு எட்டு முழம் பட்டு வேட்டிங்க" என்றார். அவர் மூன்று வேளை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டார்.

எழிலரசி ஒரே ஒரு விதி வைத்தாள்: புடவை பார்க்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும் பிரஷர் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அதில் பலருக்குப் பிரஷர் இருப்பது தெரியவந்தது. அவர்களில் ஒருவர் சந்திரமோகன்.

அவர் கேலி செய்யத்தான் வந்தார். மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்து, "இன்னா மாமா, அடுத்தாப்ல ஆபரேஷன் தியேட்டர்ல பிராஞ்ச் தொறக்கறீங்களா?" என்றார். பதில் வருவதற்குள் ஆலையிலிருந்து போன். நெல் ஈரமாக வந்திருக்கிறது. "எவன்டா எறக்கச் சொன்னது? லாரியத் திருப்பி அனுப்பு! ஜல்தி அனுப்பு!" இன்னொரு போனில் அந்த லாரிக்காரர். அவரையும் திட்டினார்.

"இவனுக்கும் ஒரு தபா போடுங்கம்மா" என்றார் வீரபாகு.

சந்திரமோகன் ராஜா மாதிரிக் கையை நீட்டினார். போன் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் சும்மா இருந்தார். மடியில் அவை அதிர்ந்துகொண்டே இருந்தன. நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நாலு.

"மிஷின் தப்பு" என்றார். எழிலரசி தன் அறைக்குக் கூட்டிப்போய், ஏ.சி.யில் உட்காரவைத்து, போனை அணைத்துவைத்துப் பார்த்தாள். நூற்று இருபதுக்கு எண்பது.

"பாத்தீங்களா?" என்றார் சந்திரமோகன்.

"பாத்தேன்" என்றாள் எழிலரசி. அவள் முகம் மாறிவிட்டிருந்தது. ஒரு நாள் முழுக்கக் கையிலேயே கட்டியிருக்கும் மிஷின் ஒன்றை வரவழைத்து அவருக்குக் கட்டினாள். அது அரை மணிக்கொரு தரம் தானாகக் காற்றடித்துக்கொள்ளும். சந்திரமோகன் அதோடு ஆலைக்குப் போனார். அது கையை இறுக்கும்போதெல்லாம் அவர் யாரையாவது திட்டிக்கொண்டிருந்ததால், ஆலையில் முதலாளிக்குத் திட்டினால் ஷாக் அடிக்கும் மிஷின் மாட்டியிருப்பதாகப் பேச்சு வந்தது. அந்த ஒரு நாள் வேலை நிம்மதியாக நடந்ததாம். ஆனாலும் கணக்கு மோசமாகத்தான் வந்தது. பகல் முழுக்க நூற்று அறுபதுக்குக் குறையவில்லை.

"இவருக்கு இங்க ஏறி வெளியில எறங்குது. உங்களுக்கு இங்க எறங்கி வெளியில ஏறுது. உங்களதுதான் ஆபத்து. நெஞ்சு, மூளை, கிட்னி எல்லாத்தையும் சத்தமில்லாம அரிக்கும். மாத்திரை போடணும்" என்றாள் எழிலரசி.

"ஆஸ்பத்திரில நல்லா இருக்குதே, அப்புறம் இன்னா பேஜாரு?"

"நீங்க ஆஸ்பத்திரியிலயே குடியிருந்தா மாத்திரை வேணாம்."

சந்திரமோகன் அக்காவைப் பார்த்தார். ஹேமலதா அவர் தோளில் கை வைத்தாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் அவர் உட்கார்ந்திருந்ததை வீரபாகு அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார். மருந்துக்கடைக்குத் தானே நடந்து போய் மாத்திரையை வாங்கிவந்து மச்சான் கையில் வைத்தார்.

இதற்குள் வீரபாகுவுக்குக் கிளினிக்கில் பிரஷர் ஏறுவது குறைந்துவிட்டிருந்தது. ஆனால் தியேட்டர் வேறு. எழிலரசி ஜெயப்ரியாவுக்குப் போன் செய்து நீண்ட நேரம் பேசினாள். ஜெயப்ரியா முதலில் சிரித்தாள், பிறகு மறுத்தாள், பிறகு சரி என்றாள். "வாய் மட்டும் மெதுவா அசையலாம். தலை அசைஞ்சா நிறுத்திடுவேன்" என்றாள்.

ஆபரேஷன் அன்று முகத்தை மூடித் துணி போர்த்தினார்கள். வலது கண் மட்டும் வெளியே. கையில் தானாகக் காற்றடிக்கும் பட்டை. நர்ஸ் நூற்று எண்பது என்று வாசித்தாள்; ஏறிக்கொண்டிருந்தது. ஜெயப்ரியா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"சார், எனக்கு ஒரு பொடவை எடுக்கணும்."

துணிக்குள்ளிருந்து பதில் வந்தது. "விசேஷம் இன்னாங்க மேடம்?"

"தங்கச்சி வளைகாப்பு."

"அப்ப நீங்க பெரியவங்களா நிக்கணும். அரக்குல போயிடலாம்."

"நூத்தி அறுபது" என்றாள் நர்ஸ்.

"கட்டம் போட்டது நல்லா இருக்குமா சார்?"

"கட்டம் உங்களுக்கு வேணாம் மேடம். நீங்க கொஞ்சம் கட்டையா இருக்கீங்க. கோவிச்சிக்காதீங்க. நீளமா கோடு போட்டது காட்டறேன், நாலு விரல் உசரமாத் தெரிவீங்க." கை தன்னால் புடவையை விரித்துக் காட்ட எழுந்தது, உதவிக்கு நின்றவர் அதைப் பிடித்து மேசையில் வைத்தார்.

"நூத்தி முப்பது."

ஜெயப்ரியா வேலையை ஆரம்பித்தாள். அடுத்த சில நிமிஷங்கள் தியேட்டரில் அரக்கு நிறத்துக்கு மயில்கழுத்து பார்டர் பொருந்துமா என்ற விவாதம் நடந்தது. பிரஷருக்காக நிற்கவைத்திருந்த மயக்க மருந்து டாக்டர் பொருந்தாது என்றார். வீரபாகு அவருக்குப் பொறுமையாக விளக்கினார். நர்ஸ் தன் நாத்தனாருக்கு ஒன்று கேட்டாள். புரையை உடைத்து உறிஞ்சி எடுத்து, புது லென்ஸை உள்ளே வைக்கும் நேரம். மூச்சு விடாமல் குனிந்திருந்த ஜெயப்ரியா, பேச்சு நிற்கக் கூடாதே என்று, வாயில் வந்ததைச் சொன்னாள்.

"எங்க வீட்டுல எப்பவும் காஞ்சிபுரத்துலதான் எடுப்போம் சார்."

மிஷின் காற்றடித்தது.

"மேடம், நூத்தி தொண்ணூத்தி நாலு!" என்று நர்ஸ் கிட்டத்தட்ட அழுதாள்.

"காஞ்சிபுரமாங்க மேடம்?" என்றார் வீரபாகு, மெல்லிய குரலில்.

"இல்ல இல்ல. முன்ன எடுத்தோம். சரியா வரல. சாயம் போயிடுச்சு. இனிமே ஆரணிதான். அம்மாகிட்ட சொல்லிட்டேன். ஆரணிதான் சார்!"

"நானும் ஆரணிதான்" என்றாள் நர்ஸ்.

"எங்க வீட்டுலயும் ஆரணிதான்" என்றார் மயக்க மருந்து டாக்டர். அவர் பெண்டாட்டிக்குக் காஞ்சிபுரம்தான் ஊர்.

ஒரு பெருமூச்சு கேட்டது. நூற்று ஐம்பது. நூற்று இருபத்தாறு. லென்ஸ் உள்ளே போய் உட்கார்ந்தது.

மறுநாள் கட்டைப் பிரித்து, சொட்டு மருந்தை எப்படிப் போடுவது, கண்ணைக் கசக்கக் கூடாது, கொஞ்ச நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் படக் கூடாது என்றெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த வீரபாகு கொல்லையில் தண்ணீர் டிரம் எதிரே வெகு நேரம் நின்றார்.

"ஹேமா, இந்த டிரம் எப்ப வாங்கினோம்?"

"ரெண்டு வருஷம் இருக்குங்க."

"நீலமா?"

"மொதல்லேர்ந்தே நீலந்தாங்க."

அவர் டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முற்றத்தில் காய்ந்த துணிகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். ஹேமலதா அவரைத் தனியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆனால் அதில் ஒரு புதுச் சிக்கல் வந்தது. வலது கண்ணுக்கு நீலமாகத் தெரிவது, புரை இருந்த இடது கண்ணுக்குப் பழுப்பாகத் தெரிந்தது. எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடி ஒரு முறை, மறு கண்ணை மூடி ஒரு முறை பார்க்க ஆரம்பித்தார். முன்கூடத்தில் புடவை விரித்துக் காட்டும்போதும் அப்படித்தான். புடவை எடுக்க வந்த ஒரு டீச்சர் பாதியில் எழுந்து உள்ளே போய் ஹேமலதாவிடம், "உங்க வீட்டுக்காரர் கண்ணடிக்கிறாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாள் இன்னொரு அம்மாள். மூன்றாவதாக வந்த பெண்ணின் கணவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு தெருவில் நின்றார். ஹேமலதா அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, புரையைப் பற்றி முழுதாக விளக்கி அனுப்பவேண்டியதாயிற்று. போகும்போது அவர் தன் அப்பாவுக்கும் இப்படித்தான் இருக்கிறது என்று கண் ஆஸ்பத்திரி விலாசம் கேட்டுவாங்கிப் போனார்.

"அடுத்த கண்ணையும் சீக்கிரம் பண்ணிடுங்க. இல்லாட்டி உதை வாங்குவீங்க" என்றாள் ஹேமலதா.

தேதி வாங்கிக்கொண்டு போனபோது ஜெயப்ரியா இல்லை. தங்கை வளைகாப்புக்கு லீவு. அவளுக்குப் பதிலாக டாக்டர் ஜீவானந்தம் என்று ஒரு இளைஞர். முப்பது வயதுகூட இருக்காது. வீரபாகுவைப் பற்றி எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அதனால் அவரே பயந்துபோயிருந்தார். மேசையில் படுக்கவைத்துத் துணி போர்த்தினார்கள். நூற்று எழுபத்தெட்டு. நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் நர்ஸைப் பார்த்தார்.

"சார்... எனக்கு... பொடவை பத்தி ஒண்ணும் தெரியாது" என்றார் ஜீவானந்தம். "வீட்டுல நானும் அப்பாவும் மட்டுந்தான். கட்றதுக்கு யாருமே இல்ல."

நூற்று எண்பத்தாறு. ஆபரேஷனை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கலாமா என்று நர்ஸ் கண்ணாலேயே கேட்டாள்.

அப்போது துணிக்குள்ளிருந்து வீரபாகுவின் குரல் வந்தது.

"தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆவலியா?"

"இல்லைங்க சார்."

"சொந்த ஊரு எது?"

ஜீவானந்தம் சொன்னார். எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள் என்றார் வீரபாகு. அதையும் சொன்னார். என்ன படித்த பெண்ணாக வேண்டும் என்றார். ஜீவானந்தம் கத்தியைக் கையில் எடுத்தபடியே, வெட்கத்தோடு, டாக்டராக இருந்தால் நல்லது என்றார்.

நர்ஸ் மிஷினைப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. எந்த ஆஸ்பத்திரியிலும் அவருக்கு இதுவரை வராத பிரஷர்.

"ஆரம்பிங்க தம்பி" என்றார் வீரபாகு. "தேசூர் பக்கத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் பொண்ணு இருக்குது."